ஏரியலின் அடியில் ஒரு சுருள்வில்

அமெரிக்க நெடுஞ்சாலைகளைக் காட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிய சரக்கு லாரி ஒன்று விரைந்து வரும். அதன் பக்கக் கண்ணாடிகளை ஒட்டி இருபுறமும் இரண்டு கம்பிகள் வானை நோக்கி நிற்கும். சில கார்களின் பின்புறம் ஆள் உயரத்தையும் விஞ்சிய எஃகுக் கம்பி ஒன்று காற்றில் ஆடிக்கொண்டே செல்லும். இவை வானொலி ஏரியல்கள். அடிப்பகுதியைக் கூர்ந்து நோக்கினால், பல ஏரியல்களின் அடியில் தடித்த சுருள்வில் ஒன்று இருப்பதைக் காணலாம். நாம் வழக்கமாக ஸ்பிரிங் என்று சொல்வதுதான் இது.

கடைக்குச் சென்றால் இந்தச் சுருள்வில்லில் பல வகைகள் உண்டு. மெல்லியது, தடித்தது, குட்டையானது, நீண்டது என்று வரிசையாக இருக்கும். எதை வாங்குவது? இது கடைக்காரரைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் உங்கள் இயற்பியல் பாடநூலைக் கொண்டே இதற்கு விடை காணலாம். அப்படிக் காணும்போது, இந்தச் சிறு பொருள் ஒரே நேரத்தில் இரண்டு எசமானர்களுக்குப் பணி செய்வது தெரியவரும். ஓர் எசமானர் இயந்திரவியல். மற்றவர் மின்னியல்.

லாரி ஓட்டுநரின் வானொலி

முதலில் இந்த ஏரியல் எதற்காக என்று பார்ப்போம். அமெரிக்காவில் பொதுமக்கள் தங்களுக்குள் குறைந்த தொலைவு பேசிக்கொள்வதற்கென ஒரு வானொலிச் சேவை உண்டு. சிட்டிசன்ஸ் பாண்டு, சுருக்கமாக சி.பி. ரேடியோ என்பர். 1945ஆம் ஆண்டில் இதற்கான அனுமதி தோன்றியது. 1958ஆம் ஆண்டில் 27 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய பகுதி ஒதுக்கப்பட்டு, 23 தடங்கள் தரப்பட்டன.

1973ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. எந்த நிலையத்தில் டீசல் கிடைக்கும் என்பது லாரி ஓட்டுநர்களுக்குப் பெரும் கவலையாயிற்று. எரிபொருளைச் சேமிக்க, 1974ஆம் ஆண்டில் நாடு முழுவதும் வேக வரம்பு மணிக்கு 55 மைல், அதாவது 88.5 கிலோமீட்டர் என்று ஆக்கப்பட்டது. டீசல் கிடைக்கும் இடத்தையும், காவலர்கள் வேகத்தைச் சோதிக்கும் இடத்தையும் ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சி.பி. ரேடியோவில் சொல்லிக்கொண்டனர். விரைவில் அது நாடெங்கும் பரவிய மோகமாகிவிட்டது. 'செய்தி கிடைத்தது' என்பதற்கு 'டென் ஃபோர்' என்ற குறிமொழி எல்லோர் வாயிலும் வந்தது. பேசுவோர் தம் பெயரைச் சொல்லாமல் புனைபெயர் வைத்துக்கொண்டனர். அன்றைய குடியரசுத் தலைவரின் மனைவி பெட்டி ஃபோர்டு அம்மையாரும் 'ஃபர்ஸ்ட் மாமா' என்ற புனைபெயரில் பேசினார். 1977ஆம் ஆண்டில் தடங்கள் 40 ஆயின. 1983ஆம் ஆண்டில் தனி உரிமம் பெற வேண்டும் என்ற விதி நீங்கியது.

கைப்பேசி வந்தபின் இதன் செல்வாக்குக் குறைந்தது உண்மை. ஆயினும் கைப்பேசிக் கோபுரம் இல்லாத மலைப்பாதைகளிலும், பனி கொட்டும் சாலைகளிலும் 'முன்னால் விபத்து, வேகத்தைக் குறையுங்கள்' என்று பின்னால் வரும் அறிமுகமில்லாத ஓட்டுநர்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல இதனால் முடிகிறது. 9ஆம் தடம் ஆபத்து உதவிக்கு உரியது. 19ஆம் தடம் லாரி ஓட்டுநர்கள் கூடும் இடம்.

இந்தக் கருவி அலைபரப்பும் திறன் சாதாரண முறையில் 4 வாட் மட்டுமே. இரவு விளக்கு அளவுதான். இவ்வளவு சிறிய ஆற்றலில் ஒரு பகுதியை ஏரியலிலேயே வீணாக்கினால், சொல்ல வேண்டிய எச்சரிக்கை போய்ச் சேராது. ஆகவே ஏரியலின் ஒவ்வோர் உறுப்பும் முக்கியமானது.

ஏன் இவ்வளவு நீளம்?

ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்று அறிவீர்கள். நொடிக்கு 30 கோடி மீட்டரை 2 கோடியே 72 இலட்சத்தால், அதாவது 27.2 மெகாஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 11 மீட்டர் வரும். வண்டியில் வைக்கும் ஏரியல் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு இருந்தால் மின்னோட்டத்துடன் நன்கு ஒத்ததிர்வு கொள்ளும். நான்கில் ஒரு பங்கு 2.76 மீட்டர். ஏரியலின் மறுபாதிபோல வண்டியின் உலோக உடலே பயன்படுகிறது.

கடைகளில் கிடைக்கும் நீண்ட எஃகுக் கம்பியின் அளவு 102 அங்குலம், அதாவது 259 செ.மீ. இவ்வளவு நீளம் லாரிக்கு ஒத்துவராது. அந்நாட்டில் லாரியின் உயரமே பெரும்பாலும் 4.1 மீட்டர். ஆகவே லாரிகளில் 1.2 மீட்டர் அளவுள்ள கண்ணாடி இழைத் தண்டில் செப்புக் கம்பியைச் சுற்றிச் செய்த குட்டை ஏரியல்களை வைப்பார்கள். குறைந்த நீளத்தை அந்தக் கம்பிச் சுற்று ஈடுசெய்கிறது.

காற்றும் கிளையும்

இனி முதல் எசமானரிடம் வருவோம். ஓடும் வண்டியின் ஏரியலை இரண்டு விசைகள் தாக்குகின்றன. ஒன்று காற்று. அது இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். மற்றொன்று மரக்கிளை, தாழ்ந்த கூரை போன்றவை. அவை எப்போதோ ஒரு முறை, ஆனால் வன்மையாகத் தாக்கும்.

காற்றின் விசையைக் கணக்கிடுவோம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். மணிக்கு 88.5 கி.மீ. என்பது நொடிக்கு 24.6 மீட்டர். அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 363 நியூட்டன் வருகிறது. நீண்ட எஃகுக் கம்பியின் சராசரித் தடிமன் 4 மி.மீ. என்று கொண்டால், காற்றுக்கு அது காட்டும் பரப்பு ஏறத்தாழ 100 சதுர செ.மீ. ஓர் அஞ்சல் அட்டையைவிடச் சற்றுக் குறைவு! ஆகவே விசை 4 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவாகும். இது பெரிதன்று. ஆனால் இந்த விசை கம்பியின் நடுவில், அடியிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் செயல்படுவதாகக் கொள்ள வேண்டும். எனவே அடியில் தோன்றும் திருப்புத்திறன் ஏறத்தாழ 5 நியூட்டன் மீட்டர்.

55 மைல் என்ற நாடு தழுவிய வரம்பு 1995ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இன்று பல மாநிலங்களின் பெருஞ்சாலைகளில் 70 மைல், அதாவது 113 கி.மீ. வேகம் செல்லலாம். விசை வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால், திருப்புத்திறன் 5இலிருந்து 8 ஆகிவிடும். 1.2 மீட்டர் நீளமும் 1 செ.மீ. தடிமனும் உள்ள கண்ணாடி இழைத் தண்டுக்கு இதே முறையில் கணக்கிட்டால், 55 மைல் வேகத்தில் ஏறத்தாழ 3, 70 மைல் வேகத்தில் ஏறத்தாழ 4 நியூட்டன் மீட்டர் வருகிறது.

இப்போது கிளையைப் பார்ப்போம். அதே தண்டின் நுனியைக் கிளை ஒன்று 50 நியூட்டன் விசையுடன், அதாவது 5 கிலோகிராம் எடையளவு, தள்ளுகிறது என்று கொள்வோம். திருப்புத்திறன் 60 நியூட்டன் மீட்டர். அடித்தட்டைப் பிடித்திருக்கும் போல்ட் தண்டிலிருந்து 2 செ.மீ. தள்ளி இருந்தால், அந்தப் போல்ட் தாங்க வேண்டிய இழுவிசை 60ஐ 0.02ஆல் வகுத்த 3000 நியூட்டன்! ஏறத்தாழ 300 கிலோகிராம் எடை. தண்டு முறியும், இல்லையேல் கண்ணாடிச் சட்டமோ தகடோ கிழியும். நீண்ட நெம்புகோல் நமக்கு உதவுவதுபோலக் கிளைக்கும் உதவுகிறது.

ஆகவே நமக்கு வேண்டியது இது. 5 அல்லது 8 நியூட்டன் மீட்டருக்கு அசையாமல் நிற்க வேண்டும். 60 வருவதற்கு வெகு முன்பே வளைந்து கொடுக்க வேண்டும். கிளை கடந்ததும் மீண்டும் நிமிர வேண்டும்.

நெருக்கச் சுற்றிய வில்லின் இரகசியம்

சாதாரணச் சுருள்வில்லில் நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஹூக் விதி. அப்படியானால் சிறு காற்றுக்கும் சிறிது சாய வேண்டுமே! அடியோடு அசையாமல் நிற்பது எப்படி? இதைச் சிறு சோதனையால் நீங்களே காணலாம்.

பால்பாயிண்ட் பேனாவிலுள்ள சுருள்வில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சன்னல் திரைச்சீலையைத் தொங்கவிடும் சுருள் கம்பியில் ஒரு சிறு துண்டையும், வீட்டுப் பெரியவர்கள் உதவியுடன் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வில்லின் சுற்றுகள் இடைவெளி விட்டு இருக்கும். மெல்ல இழுத்தாலும் நீளும். திரைச்சீலைக் கம்பியின் சுற்றுகளோ ஒன்றையொன்று தொட்டு நெருக்கமாக இருக்கும். மெல்ல இழுத்தால் அது நீளாது. இழுவிசை ஓர் அளவைக் கடந்த பிறகுதான் சுற்றுகள் பிரியத் தொடங்கும். இப்போது இவ்விரண்டையும் களிமண்ணில் செங்குத்தாக நட்டு, மேல்முனையில் ஓர் ஈர்க்குச்சியைச் செருகுங்கள். வாயால் ஊதிப் பாருங்கள். பேனா வில்லின் மேல் நிற்கும் குச்சி தள்ளாடும். மற்றது நிமிர்ந்து நிற்கும். விரலால் பலமாகத் தள்ளினால் அதுவும் வளையும், விட்டதும் நிமிரும்.

காரணம் என்ன? நெருக்கமாகச் சுற்றும்போதே ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றை அழுத்திக்கொண்டிருக்கும்படி முறுக்கிச் சுற்றுகிறார்கள். இதை முன்னிறுக்கம் எனலாம். வெளியிலிருந்து வரும் திருப்புத்திறன் இந்த முன்னிறுக்கத்தை வெல்லும் வரை வில் ஒரு திடமான குழாய் போலவே நடந்துகொள்ளும். வென்ற பிறகுதான் ஹூக் விதி நடைமுறைக்கு வரும். ஏரியல் சுருள்வில் இந்த இனத்தைச் சேர்ந்தது. அது வளையத் தொடங்கும் எல்லை காற்றின் திருப்புத்திறனுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். தேர்ந்தெடுப்பதன் முதற்பாதி இவ்வளவே.

கடையில் வில்லைக் கையில் எடுக்கும்போது கம்பியின் தடிமனைக் கவனிக்க வேண்டும். மற்ற அளவுகள் மாறாதிருந்தால், வில்லின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்மடிக்கேற்ப அமையும். 4 மி.மீ. கம்பிக்குப் பதிலாக 5 மி.மீ. கம்பி என்றால் விறைப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். ஆகவே 'தடித்ததே நல்லது' என்று வாங்கிவிடக் கூடாது. குட்டை ஏரியலின் கீழ் மிகத் தடித்த வில்லை வைத்தால் கிளை மோதும்போது அது வளையாது. பணம் கொடுத்து வாங்கிய வில் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். மெல்லிய வில்லை நீண்ட கம்பிக்கு வைத்தாலோ, வண்டி வேகமெடுத்ததும் ஏரியல் பின்னால் சாய்ந்துவிடும்.

சாய்ந்தால் என்ன கெடுதல்? செங்குத்தான ஏரியல் அனுப்பும் அலையைச் செங்குத்தான ஏரியலே நன்கு வாங்கும். 20 பாகை சாய்ந்தால், கோசைன் கணக்குப்படி ஆற்றலில் ஏறத்தாழ 12 சதவீதமே குறையும். 45 பாகை சாய்ந்தால் பாதி போய்விடும். இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. முன்னும் பின்னும் ஆடும் ஏரியலுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையேயுள்ள தொலைவு மாறிக்கொண்டே இருப்பதால் ஒத்ததிர்வும் மாறிக்கொண்டே இருக்கும். கேட்பவருக்குக் குரல் ஏறி இறங்கி ஒலிக்கும்.

மின்னோட்டம் எவ்வழிச் செல்லும்?

இனி இரண்டாவது எசமானர். கருவியிலிருந்து வரும் மின்னோட்டம் சுருள்வில்லைக் கடந்துதான் ஏரியலுக்குச் செல்ல வேண்டும். சுருளாகச் சுற்றிய கம்பி மாறுதிசை மின்னோட்டத்தைத் தடுக்கும் என்று படித்திருக்கிறீர்கள். அந்தத் தடையை மின்மறுப்பு என்கிறோம். அதிர்வெண் கூடக் கூட அதுவும் கூடும்.

5 மி.மீ. கம்பியை 3 செ.மீ. விட்டத்தில் 16 சுற்றுகள் சுற்றிய 8 செ.மீ. வில் ஒன்றைக் கணக்கிட்டால், அதன் தன்தூண்டல் எண் ஏறத்தாழ 2.4 மைக்ரோஹென்றி. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் இதன் மின்மறுப்பு ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 27 மெகாஹெர்ட்ஸில் அது 400 ஓமைத் தாண்டுகிறது! ஏரியலுக்குச் செல்லும் கேபிளோ 50 ஓமுக்கு அமைந்தது. வண்டியை இயக்குபவர் வெறும் வில் என்று நினைப்பதை, மின்னோட்டம் பெரிய தடைச்சுவராகக் காண்கிறது.

சுற்றுகள் ஒன்றையொன்று நன்கு தொட்டுக்கொண்டிருந்தால் வில் ஓர் உலோகக் குழாய் போலாகி, மறுப்பு மிகக் குறையும். வளைந்தாடும்போது சில சுற்றுகள் பிரியும், சில தொடும். துரு ஏறினால் தொட்டும் தொடாமலும் இருக்கும். கரகர என்ற இரைச்சலும், நிலையில்லாத ஒத்ததிர்வும் இதன் விளைவு.

இதற்குத் தீர்வு எளியது. நல்ல வில்லின் உள்ளே, மேல்முனையையும் கீழ்முனையையும் நேராக இணைக்கும் செப்புப் பின்னல் நாடா ஒன்று இருக்கும். மின்னோட்டம் சுருள் வழியே சுற்றாமல் இந்தக் குறுக்கு வழியில் சென்றுவிடும். உயர் அதிர்வெண் மின்னோட்டம் கடத்தியின் மேற்புறத்திலேயே பாயும். 27 மெகாஹெர்ட்ஸில் செம்பில் அது பாயும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஆகவே மெல்லிய நாடாவே போதும். எஃகுக்கு எடுப்பும் மீள்தன்மையும், செம்புக்கு மின்னோட்டம் என்று வேலை பிரிந்துவிடுகிறது. வாங்கும்போது உள்ளே நாடா இருக்கிறதா, முனைகளில் உறுதியாகப் பற்றவைத்திருக்கிறதா என்று பார்ப்பது தேர்ந்தெடுப்பதன் மறுபாதி.

நீளம் கூடினால்?

வில்லும் மின்னோட்டம் பாயும் உறுப்பே ஆதலால், அதன் நீளமும் ஏரியலின் நீளத்தில் சேரும். பலர் மறந்துவிடும் செய்தி இது. 1ஆம் தடத்தின் அதிர்வெண் 26.965 மெகாஹெர்ட்ஸ். 40ஆம் தடத்தின் அதிர்வெண் 27.405. இவற்றுக்குரிய கால் அலைநீளங்களைக் கணக்கிட்டால் 278.1 செ.மீ., 273.7 செ.மீ. என்று வரும். 40 தடங்களும் சேர்ந்து பிடித்திருக்கும் இடம் 4.4 செ.மீ. மட்டுமே! நீண்ட கம்பிக்குரிய வில்லோ 6 அங்குலம், அதாவது 15 செ.மீ. இருக்கும். முன்பே சரியாகப் பொருந்தியிருந்த ஏரியலின் அடியில் இதைச் செருகினால், ஒத்ததிர்வு தடங்களை விட்டு வெகுதூரம் வெளியே சென்றுவிடும்.

இதே கூடுதல் நீளம் சில இடங்களில் நன்மையாகவும் முடியும். 259 செ.மீ. எஃகுக் கம்பி கால் அலைநீளத்துக்குச் சற்றுக் குட்டை. 15 செ.மீ. வில்லைச் சேர்த்தால் 274 செ.மீ. ஆகிறது. ஆயினும் கம்பியின் தடிமனும் வண்டியின் உடலும் கணக்கைச் சில சதவீதம் மாற்றும். ஆகவே கடைசித் தீர்ப்பு அளவுக்கருவியுடையதே.

அந்தக் கருவி நிலை அலைத் தகவைக் காட்டுவது. சுவரில் கட்டிய கயிற்றை உதறினால் அலை திரும்பி வந்து நிலை அலை உண்டாவதுபோல, பொருந்தாத ஏரியலிலிருந்து மின் அலை கேபிளில் திரும்பி வரும். தகவு 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை. 1.5 என்றால் ஆற்றலில் 4 சதவீதம் திரும்புகிறது. 3 என்றால் 25 சதவீதம் திரும்பும், கருவிக்கும் கேடு. 1ஆம் தடத்தில் தகவு அதிகமாக இருந்தால் ஏரியல் குட்டை. 40ஆம் தடத்தில் அதிகமாக இருந்தால் ஏரியல் நீளம். வில் பொருத்திய பிறகு இந்தச் சோதனையைச் செய்து, நுனியைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

இதுவரை கண்டதைத் தொகுப்போம். பம்பரில் நிற்கும் நீண்ட எஃகுக் கம்பிக்குத் தடித்த, விறைப்பான வில் வேண்டும். லாரிக் கண்ணாடியருகே நிற்கும் 1.2 மீட்டர் தண்டுக்கு அதைவிட இளகிய வில் வேண்டும். ஒரு மீட்டருக்கும் குட்டையான, இலேசான ஏரியல் காரின் கூரைமேல் நின்றால் பெரும்பாலும் வில்லே தேவையில்லை. காந்த அடித்தளத்தால் ஒட்டி நிற்பவற்றுக்கும் அப்படியே. கிளை மோதினால் காந்தமே நழுவிக் கொடுத்துவிடும். எதுவாயினும் துருப்பிடிக்காத எஃகு நல்லது. மரை பொருந்த வேண்டும். அந்நாட்டில் வழக்கிலுள்ளது எட்டில் மூன்று அங்குலம் விட்டமும் அங்குலத்துக்கு 24 மரையும் கொண்டது.

ஓர் எச்சரிக்கை. சுருள்வில் மரக்கிளையிலிருந்து ஏரியலைக் காக்கும். மின்சாரக் கம்பியிலிருந்து மனிதரைக் காக்காது. வில்லும் நாடாவும் மின்கடத்திகளே. நீண்ட ஏரியலை நிமிர்த்தும் முன் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது உயிர் காக்கும் பழக்கம்.

'எந்த வில் சிறந்தது?' என்ற கேள்விக்குத் தனியே விடை இல்லை. எந்த நீளம், எந்த வேகம், எந்த இடம் என்று சொன்னால்தான் விடை வரும். பொறியாளர்கள் வடிவமைக்கும் பொருள்கள் பலவும் இப்படித்தான். காற்றுக்கு நிற்பதும் கிளைக்கு வளைவதும் எதிரெதிரான தேவைகள். இரண்டையும் எண்ணால் அளந்து, இடைப்பட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதே பொறியியல்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. வண்டியின் வேகம் மணிக்கு 60 கி.மீ.இலிருந்து 120 கி.மீ. ஆனால் ஏரியலின் அடியில் திருப்புத்திறன் எத்தனை மடங்காகும்?

2. வில்லின் கம்பித் தடிமன் 4 மி.மீ.இலிருந்து 3 மி.மீ. ஆகக் குறைந்தால் விறைப்பு என்னவாகும்?

3. ஏரியல் 30 பாகை சாய்ந்தால், கோசைன் கணக்குப்படி மிஞ்சும் ஆற்றல் எவ்வளவு?

விடைகள்: (1) 4 மடங்கு. (2) 0.32 மடங்கு, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. (3) 75 சதவீதம்.